துப்பரவாக்கின படம்

"குப்பையெண்டோ வெட்டினனீ? உன்ரை தாயின்ரை படத்தையடா!"

யாகோப்பு போட்ட சத்தத்தில் விறாந்தையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். உள்ளே சவப்பெட்டியில் அவர் மனைவி சின்னத்தங்கம் கிடந்தாள். பின்னேரம் கோயிலுக்குத் தூக்குவதற்குள் மதிலில் ஒட்ட அஞ்சலிப் படம் அடித்து வரவேண்டும்.

மகன் டினேஸ் கணினியிலிருந்து தலை நிமிரவில்லை. "படம் பெரிசு, அடிக்கிற கடைக்கு அனுப்பினால் போகுதில்லை அப்பா. படத்தை எழுத்தாத் திறந்து பார்த்தன், முழுக்க விளங்காத எழுத்து. மேலையும் கீழையும் கொஞ்சம் துப்பரவாக்கினனான்."

இப்போது படம் திறக்கவே மாட்டேன் என்கிறது; வேறு பிரதியும் இல்லை. அவள் சிரித்தபடி அகப்பட்ட ஒரே படம் அது. மற்றது அடையாள அட்டைப் படம். "செத்தாப்பிறகு அந்த மூஞ்சையை ஒட்டினியளெண்டால் எழும்பி வந்து கிழிப்பன்" என்று சொல்லிவைத்தவள். செய்யக்கூடியவளுந்தான்.

மருமகள் ஜெனிற்றா கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். அவளையும் யாகோப்பு நம்புவதில்லை; கணினியை அதைவிட நம்புவதில்லை. திரையில் இடப்பக்கம் எண்கள், வலப்பக்கம் உடைந்த எழுத்துகள், வரிவரியாக. பக்கத்தில் இன்னொரு படத்தையும் அப்படியே திறந்தாள்.

"உதென்ன?"

"அதே போனிலை நீங்கள் எடுத்த கொடுவா மீன், மாமா. இதின்ரை மேல்வரியள் நல்லாயிருக்கு. அதை எடுத்து மாமியின்ரை படத்துக்கு மேலை வைக்கிறன்."

"மீன்ரை தலையை அவளுக்கு வைக்கப்போறியோ?"

விறாந்தையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"தலையில்லை மாமா. இது படம், இப்பிடித் திற எண்டு சொல்லுற வரியள். ஒரே போன் எடுத்தால் அது ஒண்டுதான்."

"ஒரு செதில் தெரிஞ்சாலும் உன்னை விடமாட்டன்."

எடுத்தாள், ஒட்டினாள், சேமித்தாள். திறந்தாள்.

நரைத்த உச்சி, சுருங்கிய கண், பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. நெஞ்சுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

யாகோப்பு குனிந்து பார்த்தார். "கை எங்கை? நண்டு உடைச்சுக்கொண்டெல்லோ நிண்டவள்."

"அது இவர் வெட்டின கீழ்ப்பக்கம், மாமா. இனி எங்கை தேடுறது? முகத்தை மட்டும் அனுப்பட்டோ?"



"அனுப்பு, பிள்ளை."

உள்ளே போனார். பெட்டியின் தலைமாட்டில் அவருக்கென்று போட்டிருந்த கதிரையைத் தூக்கி, அவள் கைகளுக்கு நேரே வைத்து அமர்ந்தார். அவள் வலது பெருவிரலில் நண்டு கடித்த பழைய வடு.

பின்னேரம் பெட்டியின் மூடியோடு வந்தவர்களை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"பொறுங்கோ" என்றார்.