மணிக்குள் பூட்டிய நீர்

இருட்டு, பாறைச் சீவலில் இருந்த படிகமணியின் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது, நுண்ணோக்கியின் வட்டத் தட்டைச் சம்பூரணம் விரல் நுனியால் திருப்பத் திருப்ப, நசுங்காத கல்லென்றால் மணி முழுவதும் ஒரேயடியாக அணைந்திருக்கும், இது பூமிக்குள் யாருக்கும் தெரியாமல் வளைந்த மணி, அதனால் இருட்டு இதற்குள் ஓடுகிறது, பள்ளிக்கூட வயதில் சேலத்து மைதானத்தில் அவள் ஓடுகிறாள், காலுக்குள்ள ஊசி குத்துது மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டே, அட ஒண்ணுமில்ல புள்ள, எக்ஸ்ரேல எலும்பு சுத்தமாத்தான இருக்குது, நடிக்காம ஓடு, நாளைக்குப் போட்டி, என்கிறார் குப்பண்ணன் மாஸ்டர், அவரிடம் விசில் இருந்தது, அவளிடம் வலி மட்டுந்தான் இருந்தது, ஓடினாள்.

ஒண்ணுமில்லம்மா, நீ சொல்ற கோடு தேய்க்கும்போது விழுந்த கீறல், என்கிறார் முதுகுக்குப் பின்னால் நிற்கும் தேவசகாயம், ஆய்வகத்தின் தலைவர், கல்லை முடியைவிட மெலிதாகத் தேய்த்தால்தான் ஒளி ஊடுருவும், தேய்க்கும் சக்கரம் சில கீறல்களைப் போடத்தான் செய்யும், வேலைக்கு வந்த புதிதில் அதைப் பார்த்து ஏமாந்து நல்ல கல்லை நொறுங்கிய கல் என்று எழுதியவள்தான் அவள், ஊரே சிரித்தது, அதைத்தான் இப்போது குத்திக்காட்டுகிறார், இந்தக் கல்லு வந்த கணவாய்ல சுரங்கப்பாதை தோண்ட மிஷின் வந்து நிக்குது, பாறை உறுதின்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடும்மா.

அவள் மறுபடி குனிகிறாள், இல்லை, இது சக்கரத்தின் வேலை இல்லை, மணிக்குக் குறுக்கே ஒரு கோடு, கோடு நெடுக நீர்க்குமிழிகள், என்றோ விரிந்த வெடிப்பில் நீர் புகுந்து, வெடிப்பு ஆறி, நீரை உள்ளேயே வைத்து மூடிக்கொண்டிருக்கிறது, ஆறிய கோட்டின் மேலேயே மறுபடி உடைந்திருக்கிறது, சுற்றியுள்ள மணிகள் மாவாக அரைபட்டு ஒட்டிக் கிடக்கின்றன, இந்தக் கல்லைக் கூரையென்று நம்பி ஆட்கள் உள்ளே போகப் போகிறார்கள், மறுநாள் போட்டியில் கடைசி வளைவில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது, யாரோ குச்சியை ஒடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டே விழுந்தாள், மயிரிழை விரிசல் முன்னாடியே இருந்திருக்கு, மொதப் படத்துல தெரியாது, யாரு இவள ஓடச் சொன்னது என்று டாக்டர் கத்தினார், பொட்டப்புள்ள கல்லாட்டம் படுத்திருக்குது பாரேன், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, என்றாள் பக்கத்துக் கட்டில்காரி, கல்லைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்.

சார், சக்கரம் கீறல் போடும், மணிக்குள்ள தண்ணிய வச்சுப் பூட்டுமா, நீங்களே குனிஞ்சு பாருங்க. அவர் குனியவில்லை, நீ போடலேன்னா போடறதுக்கு ஆளா இல்ல என்றார். சம்பூரணத்துக்கு ஆத்திரம் வந்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, இவரிடம் விசில்கூட இல்லையே, போடட்டும் சார், யாரு வேணா போடட்டும், ஒடஞ்ச கல்லுன்னு நான் எழுதி என் கையெழுத்தப் போடுவேன், மேல எல்லாருக்கும் அனுப்புவேன், அங்க வேலைக்கு எறங்கறவங்க கையிலயும் ஒண்ணு குடுப்பேன், என்னை என்ன வேணா பண்ணிக்குங்க.

கதவு அறைந்து சாத்தப்பட்டது. நுண்ணோக்கித் தட்டில் கல் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லு அதிர்ந்து அடங்கியது, வலது கால் வழக்கம்போல் வலித்தது, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தட்டைத் திருப்பினாள், மணியின் ஓரத்தில் இருட்டு புறப்பட்டது, நீர்க்குமிழிகளைக் கடந்து, ஆறி உடைந்த கோட்டைக் கடந்து, ஓடட்டும், இந்த முறை அவள் ஓடப்போவதில்லை.