இன்னொரு சாவி

திங்கட்கிழமை காலையில் கார் கதவைத் திறந்து உட்கார்ந்த மறு நொடியே கிருஷ்ணப்பாவின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. "அய்யோ" என்று காலைத் தேய்த்துக்கொண்டே சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார். கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் வருகிற வண்டி தெரிய வேண்டிய இடத்தில் பின் சீட்டின் மெத்தை தெரிந்தது. அதையும் நிமிர்த்தினார். ரேடியோவில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் ஒரு பெண் மூச்சு விடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை அணைத்தார். ஆறு வாரமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் இதே கூத்துதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஓட்டுகிறவன், எல்லாவற்றையும் தன் உடம்பு அளவுக்குத் திருப்பி வைத்துவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விடுகிறான். சொந்த மாமனார் வீட்டு வண்டி பாருங்கள்!

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்குப் பொறுக்க முடியாமல் போனது வேறு. டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டு நன்றாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. அந்தக் கதவின் பையில், மேடம் மூக்குக்கண்ணாடி துடைக்கிற நீலத்துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. கிருஷ்ணப்பா குனிந்து சீட்டை முகர்ந்து பார்த்தார். சந்தேகமே இல்லை, மேடத்தின் யூடிகோலன் வாசனை. பதினான்கு வருஷம். பழைய வண்டியில் எட்டு, இந்த வண்டியில் ஆறு. லவினா மேடம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், முன் சீட்டில் உட்கார்ந்ததில்லை. பின்னால் இடது ஓரம், கைப்பை மடியில், பார்வை ஜன்னலில். அவர் கேட்பதற்கெல்லாம் கண்ணாடியில் பார்த்தே பதில் சொல்லிப் பழகியவர் கிருஷ்ணப்பா. நேற்று முளைத்த அந்தக் கிரண் பயலுக்குப் பக்கத்தில் போயா உட்கார்ந்திருக்கிறார்? அவருக்கு வயிறு எரிந்தது. அது பொறாமை என்று அவருக்கே தெரியும். ஐம்பத்தாறு வயதில், பேரன் எடுத்த பிறகு, ஒரு சீட்டுக்காக வயிறு எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டதால் எரிச்சல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

லவினா மேடம் குக் டவுனில் தனியாக இருப்பவர். எழுபத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இரண்டும் கனடாவில். மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தின் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிற ஆள். அவருக்கு மருந்துக் கடை எது, மாலை நடைக்கு எந்தப் பூங்கா, எந்தச் சிநேகிதி வீட்டில் எவ்வளவு நேரம் உட்காருவார் எல்லாம் கிருஷ்ணப்பாவுக்கு அத்துப்படி. மேடம் வாயைத் திறப்பதற்குள் வண்டி அந்தத் தெருவில் திரும்பியிருக்கும். இதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. சம்பளத்தைவிட அந்தக் கர்வத்தில்தான் அவர் வண்டி ஓட்டினார் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தக் கிரணைக் கொண்டுவந்து விட்டதே தான்தான் என்பதை நினைத்தால்தான் அவருக்கு ஆறவில்லை. மனைவி எல்லம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது, "ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு குடுங்க மேடம்" என்று அவர்தான் கேட்டார். "நீ இல்லாம எப்படி கிருஷ்ணா?" என்று மேடம் கொஞ்சமாவது இழுப்பார் என்று எதிர்பார்த்தார். மேடம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "சரி கிருஷ்ணா, சண்டேக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறே சந்தாபுராவிலிருந்து பைக்கில் இந்தக் கிரண் வந்து நின்றான். இருபத்தேழு வயது. பார்த்தால் "நமஸ்தே அண்ணா" என்று பவ்யமாகத்தான் சொல்வான். ஆனால் மேடத்தை "ஆன்ட்டி" என்பான். ஆன்ட்டியாம் ஆன்ட்டி. எல்லம்மாவுக்கு இப்போது காலும் சரியாகிவிட்டது. ஆனால் லீவு வேண்டாம் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

அன்று பிசியோதெரபிக்குப் போகும் வழியில், மனம் தாளாமல் கேட்டேவிட்டார். "முன்னாடி உக்காந்தா முதுகு வலிக்கலயா மேடம்?"

மேடம் ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னார். "இல்ல கிருஷ்ணா. முன்னால உக்காந்தா ரோடு முழுக்க தெரியுது. இத்தன வருஷம் எனக்கு தெரியவே தெரியாது, பாரு."

அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. எப்படித் தெரியும்? மேடம் படியில் காலை வைப்பதற்கு முன்பே இறங்கி ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது யார்? அது மரியாதை. அந்தப் பயல் இறங்குவதே இல்லையாம், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே "வாங்க ஆன்ட்டி" என்பானாம். சமையல் செய்யும் ஜூலியா சொன்னாள். அப்படிப்பட்டவனுக்கு முன் சீட்டு!

இரவுச் சாப்பாட்டின்போது எல்லம்மாவிடம் சொல்லிப் புலம்பினார். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சிரித்தாள். "இன்னாய்யா இது, மேடம் இன்னா நீ தாலி கட்டினு வந்தவங்களா? எங்க உக்காந்தா உனக்கு இன்னா?"

"சும்னே இருடி. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கா தெரியாது? நான் ஆஸ்பத்திரில படுத்துனு இருந்தப்போகூட உன் மூஞ்சி இப்படி தொங்கலயே."

புதன்கிழமை அது நடந்தது. பெட்ரோல் பங்கில் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு நிமிரும்போது சட்டைப் பையிலிருந்து சாவி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிவதற்குள் பின்னால் வந்த தண்ணீர் டேங்கரின் சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கிவிட்டது. கறுப்புப் பிளாஸ்டிக் தலை நசுங்கி வாயைப் பிளந்துவிட்டது. நான்கு தடவை திருகிய பிறகு வண்டி எப்படியோ கிளம்பியது. மேடம் போனில், "அதுக்கு என்ன, சரி பண்ணிட்டு பில் வாங்கிட்டு வா" என்றார். சிவாஜிநகரில் ஒரு சந்து முனையில் சாவிக் கடை வைத்திருக்கும் பெருமாள்சாமி, கிருஷ்ணப்பாவுக்கு வெகு நாள் பழக்கம். அவர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி, கையளவு மெஷின் ஒன்றை மடியில் வைத்துத் தட்டினார்.

"உள்ள சிப்பு வெடிச்சிருக்குது கிருஷ்ணப்பா. இன்னைக்கு ஸ்டார்ட் ஆவும், நாளைக்கு ஆவாது. புதுசுதான் போடணும்" என்றவர் மெஷினைத் திருப்பிக் காட்டினார். "ரெண்டு சாவி பதிஞ்சிருக்குது பாரு. இன்னொண்ணு எங்க?"

"ஏன், அது எதுக்கு?"

"புதுசு பதிஞ்சா பழசெல்லாத்தையும் வண்டி மறந்துடும். கையில இருக்கிறத மட்டும் மறுபடி சொல்லிக் குடுக்கணும். அத எடுத்துனு வந்தா ரெண்டையும் ஒண்ணா பதிஞ்சிடறேன். இல்லாட்டி அது வெறும் இரும்பு. கதவு தொறக்கும், வண்டி கிளம்பாது."

இன்னொரு சாவி மேடம் வீட்டுச் சாப்பாட்டு அறையில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிரண் எடுத்து ஓட்டுகிற சாவி. ஜூலியாவுக்கு ஒரு போன் போட்டால் போதும், ஆட்டோக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருப்பாள். கால் மணி நேர வேலை. கிருஷ்ணப்பா தெருவைப் பார்த்தார். முன் சீட்டைப் பார்த்தார். நீலத்துணி இன்னும் கதவின் பையில்தான் இருந்தது.

"அது தொலைஞ்சி போச்சு" என்றார்.

"அடடா. மேடம் தொலைச்சிட்டாங்களா?"

"ம்."

அந்த 'ம்' வாயிலிருந்து வந்ததும் அவருக்கே கொஞ்சம் திடுக்கென்றது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பெருமாள்சாமி பட்டனை அமுக்கினார். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு படபடவென்று மின்னி நின்றது. புதுச் சாவியைப் போட்டுத் திருகியதும் வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது. ஆறு வாரமாக உள்ளே அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கியதுபோல இருந்தது. இனிமேல் இந்த உலகத்தில் இந்த வண்டியைக் கிளப்ப ஒரே ஒரு சாவிதான். அது அவர் சட்டைப் பையில். பெருமாள்சாமி இங்கிலீஷில் ஏதோ நான்கு வரி எழுதி பில்லைக் கிழித்துக் கொடுத்தார். "விவரம் எல்லாம் எழுதிட்டேன். நாளைக்கு யாரும் என்னைக் கேக்கக் கூடாது பாரு" என்றார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத கிருஷ்ணப்பா அதை நான்காக மடித்து, வழக்கம்போல மேடத்தின் மேஜையில் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது. அதற்காகவே ஐந்து மணியிலிருந்து விழித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"கிருஷ்ணா, வண்டி ஸ்டார்ட் ஆகல. கிரண் சாவி போட்டா செவப்பு லைட் மின்னுது. ஏழரைக்கு சர்ச்சுல பூசை. உன்னால வர முடியுமா?"

"இதோ வந்துட்டேன் மேடம்! நீங்க கவலப்படாதீங்க, நான் இருக்கேன்."

ஆனந்தம் என்றால் அதுதான் ஆனந்தம். மர்பி டவுனிலிருந்து குக் டவுனுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். அப்படியே கிளம்பியிருக்கலாம். ஆனால் மனுஷன் ஷேவ் செய்துகொண்டார். வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார். தலைக்கு எண்ணெய் தடவி வாரினார். தான் போய் இறங்கும்போது அந்தப் பயல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதையும், மேடம் "அப்பாடா" என்று மூச்சு விடுவதையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வாரினார்.

"பொண்ணு பாக்கவா போற?" என்றாள் எல்லம்மா.

மேடம் வீட்டு கேட் திறந்து கிடந்தது. கார் போர்ட்டிகோவில் நின்றது. மேடத்தைக் காணோம். கிரணையும் காணோம். அவன் பைக் நிற்கிற இடத்தில் ஒரு சொட்டு ஆயில் மட்டும் இருந்தது. ஜூலியா வாசற்படியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, நீங்க பாக்கலயே! மேடம் பைக்ல போயிட்டாங்க. ஏழு அஞ்சு வரைக்கும் வாசல பாத்துனு இருந்தாங்க. கிரண் 'பைக்ல வரீங்களா ஆன்ட்டி'ன்னு விளையாட்டுக்குத்தான் கேட்டான். ஒடனே ஹெல்மெட்ட வாங்கி தலையில மாட்டினு, ஒரு பக்கமா உக்காந்து, அவன் தோள கெட்டியா புடிச்சினாங்க. நான் சிலுவ போட்டுக்கினேன். கேட்டாண்ட போறப்போ இன்னா சொன்னாங்க தெரியுமா? 'ஜூலியா, காத்து எவ்ளோ நல்லா இருக்கு'ன்னு கத்தறாங்க!"

கிருஷ்ணப்பா மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டை கழுத்தை அறுத்தது. ஜூலியா எழுந்து, முந்தானை முடிச்சிலிருந்து கிரணின் சாவியை எடுத்து நீட்டினாள்.

"முன் சீட்டுல கேக் பெட்டி கீது. பூசை முடிஞ்சி கோயில்ல விக்கிறதுக்கு. பைக்ல எடுத்துனு போவ முடியல, உங்கள கொண்டார சொன்னாங்க. அப்புறம் இந்த சாவியையும் கடையில குடுத்து சரி பண்ணணுமாம்." சற்றுத் தயங்கினாள். "வண்டி கிளம்பலன்னதும் மேடம் அந்த பில்ல எடுத்து படிச்சாங்க. கடைக்காரரு அதுல எழுதியிருக்காராம், வீட்டம்மா இன்னொரு சாவிய தொலைச்சிட்டதால அழிச்சாச்சுன்னு. 'நான் எப்ப தொலைச்சேன்னு கிருஷ்ணாவ கேட்டு வை'ன்னாங்க. சிரிச்சினேதான் சொன்னாங்கண்ணே."

அவர் சாவியை வாங்கிக்கொண்டார். ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்ததால் அது இன்னும் புதுசு மாதிரிதான் இருந்தது. காரில் உட்கார்ந்தார். முழங்கால் இடித்தது. காலையில் கிரண் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். தன் சாவியைப் போட்டதும் வண்டி உடனே கிளம்பியது. கூடவே 'டிங் டிங்' என்று ஒரு சத்தம். சீட் பெல்ட் போடச் சொல்கிற சத்தம். தான் போட்டுவிட்டோமே என்று பார்த்தார். பக்கத்து சீட்டில் பெரிய தகரப் பெட்டி கனமாக உட்கார்ந்திருந்தது. அதை ஆள் என்று நினைத்து வண்டி கத்துகிறது. சத்தம் நிற்கவே இல்லை. எட்டி அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்துப் பெட்டியைச் சுற்றி மாட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மேடம் போட்டுக்கொள்கிற பெல்ட். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாகப் பக்கத்தில் ஒன்றை உட்கார வைத்துக்கொண்டு குக் டவுன் தெருக்களில் ஓட்டினார். மேடம் சொன்னது சரிதான், அந்த சீட்டிலிருந்து ரோடு முழுக்கத் தெரியும்.

மாதா கோவில் வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். பூசை முடிந்து கூட்டம் வெளியே வரத் தொடங்கியது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேடம் படியில் நின்றார். ஒரு கையில் ஹெல்மெட். கலைந்த நரைமுடியை மறு கையால் ஒதுக்கிக்கொண்டு கிரணிடம் எதையோ சொல்லிச் சிரித்தார். அப்புறம் காரைப் பார்த்தார். நடந்து வர ஆரம்பித்தார்.

கிருஷ்ணப்பா பழக்கதோஷத்தில் இறங்கி ஓடினார். கை பின் கதவின் பிடியில் போய் உட்கார்ந்தது. அப்படியே நின்றார். 'நான் எப்ப தொலைச்சேன்னு கேட்டு வை' என்று மேடம் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. கையை எடுத்தார். முன் கதவைத் திறந்து, பெல்ட்டை விடுவித்து, கேக் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சட்டைப் பையில் இரண்டு சாவியும் ஒன்றோடொன்று உரசின. முன் சீட்டு காலியாக இருந்தது. கதவு திறந்தபடியே நின்றது. மேடம் இன்னும் பத்தடி தூரத்தில் வந்துகொண்டிருந்தார்.