எந்தப் பொட்டலம்

தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடையில் நரிக்குடிப் பக்கம் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டிருந்தது. அருப்புக்கோட்டையில் கல்லூரி ஆசிரியையாக இருந்த ஈவா, தயிரிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்துப் பொடியாக்கி வைத்திருந்தாள். முதலில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாள். பிறகு தானே மோரில் கலந்து பல வாரம் குடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. போக்கை அது சீக்கிரம் நிறுத்துமா என்பதுதான் இனித் தெரிய வேண்டியிருந்தது.

வீடு வீடாகப் போய் உள்ளதைச் சொல்லியே கேட்டாள். "சில பொட்டலத்துல தயிர்ல எடுத்த கிருமி இருக்கும், அது போக்க நிறுத்துமான்னு இனிமேத்தான் பாக்கணும். சிலதுல, ஒப்பிட்டுப் பாக்க, வெறும் கஞ்சி மாவு. எது எதுன்னு எனக்கே தெரியாது, பொட்டலம் கட்டின ராபின் டாக்டருக்குத்தான் தெரியும். உப்புச் சர்க்கரைத் தண்ணி மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு."

செல்லக்கிளி, போக்கில் கிடந்த தன் மகன் முகேஷுக்குக் கொடுக்கச் சம்மதித்தாள்.

இரண்டொரு நாளில் அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது, கண் உள்ளே போய்விட்டது. "கிருமியக் கரைச்சுக் குடுத்துட்டாக" என்று தெருவே பேசியது. ஈவா பதறி ஓடிவந்து, வழியில் போன லோடு வேனை மறித்து, தாயையும் பிள்ளையையும் டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். குளுக்கோஸ் ஏறியது. சாயந்திரம் முகேஷ் கண் திறந்து தண்ணி கேட்டான்.

ராபின் வந்து ஈவாவிடம் மெதுவாகச் சொன்னார். "அவனுக்குப் போனது மாவும்மா. உன் கிருமி மேல தப்பில்ல."

ஈவாவுக்கு மூச்சு வந்தது. பிள்ளை படுத்திருக்கும்போது இப்படி நிம்மதிப்படுகிறோமே என்று உடனே கூசியும் போனாள். செல்லக்கிளியிடம் மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப நல்லது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கா போச்சு?"

"நல்லதான்னே இன்னும் தெரியல, செல்லக்கிளி."

"தெரியாமலா எம்பிள்ளைக்குக் குடுத்தீக?"

முதலிலேயே சொன்னேனே என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, முகேஷுக்குக் கரண்டியால் தண்ணி புகட்டினாள்.

மழைக்காலம் முடிந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கிருமி எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் செய்யவில்லை. போக்கை ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக நிறுத்தியிருந்தது, அவ்வளவுதான். ஈவா இன்னும் அதிகமாக எதிர்பார்த்திருந்தாள். வாடிய முகத்தோடுதான் போய்ச் சொன்னாள்.

"ஒரு நா பிள்ளை பேளாம கெடந்தா சும்மாவா டீச்சரம்மா?" என்றாள் செல்லக்கிளி. "எங்களுக்கு எப்பக் கெடைக்கும்?"

"இன்னும் நாலஞ்சு ஊர்ல பாக்கணும்."

"பாருங்க. ஆனா போற ஊருக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. உங்ககிட்ட என்னென்ன கேக்கணும்னு அந்தத் தாயிகளுக்கு நான் சொல்லித் தாரேன்."

அடுத்த வாரம் இருவரும் திருச்சுழி பஸ்ஸில் ஏறினார்கள்.