மருந்து காயும் வரை

விடிவதற்கு முன்பே பெண்கள் முதல் கூடாரத்தில் பாதி வரிசைகளை வெட்டி முடித்திருந்தார்கள். காம்பை ஒட்டி ஒரே வெட்டு. குடைமிளகாய் மேல் நகம் படக்கூடாது. கூடை நிறைந்ததும் நிமிராமலே அடுத்த செடி. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே காற்றுக்கு வேலையே இல்லை. வியர்வை கண்ணிமையிலிருந்து நேராகக் கத்தரிக்கோலில் சொட்டியது.

பெரியக்காவின் காதெல்லாம் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தது. அவளைவிட மூத்த பெண்களும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்; அவள் வாய் அப்படி. அங்கே அவள் கணவன் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தான். இயந்திரத்தின் இரைச்சல் நின்றதும் பெண்கள் அந்தக் கூடாரத்துக்கு மாற வேண்டும். இலையில் ஈரம் காயும்வரை காத்திருப்பது இந்தத் தோட்டத்தில் வழக்கமில்லை.

நேற்று அப்படி நுழைந்த அவள் நாத்தனார் இரண்டாவது வரிசையிலேயே வாயில் நுரை தள்ளி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இன்னும் அவளுக்கு நினைவு தெளியவில்லை. அந்த மருந்தை அடித்தவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், பெரியக்காவின் கணவன். வீட்டில் அடுப்பு எரியவில்லை.

போன மாதம் குடைமிளகாய் வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு வெளிநாட்டுக்காரி வந்திருந்தாள். மருந்து வாடை பட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். தங்கள் ஊரில் மருந்து அடித்தால் மறுநாள்வரை கதவைத் திறக்கமாட்டார்கள் என்றாளாம். அவளோடு வந்த கார் டிரைவர் சொல்லித்தான் இவர்களுக்குத் தெரிந்தது.

இரைச்சல் நின்றது. பெண்கள் வெளியே வந்து இரண்டாவது கூடாரத்தின் முன்னால் நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே போகவில்லை.

முதலாளி ஓட்டமும் நடையுமாக வந்தார். லாரி நிற்கிறது, காய் முற்றினால் கம்பெனி அப்படியே திருப்பி அனுப்பிவிடும், நட்டம் தன் தலையில்தான் விடியும் என்று கெஞ்சலாக ஆரம்பித்தவர், கம்பெனிக்காரி சொன்ன மாதிரி மருந்து காயட்டும் என்று ஒருத்தி சொன்னதும் குரலை மாற்றினார்.

"வெளிநாட்டுக் கதையெல்லாம் எனக்குச் சொல்லாதீங்க. அங்க ஒருத்தன் மெஷின்ல உக்காந்து ஊரளவு நிலத்த அறுக்கறான். அவன மாதிரி வேலை பாருங்க, அப்புறம் அவன மாதிரி கேளுங்க."

"விதை அங்கேருந்து வந்துச்சு. மருந்தும் அங்கேருந்து வந்துச்சு. இந்தக் கூடாரமும் அங்கேருந்துதான்" என்றாள் பெரியக்கா. "மருந்தடிச்சா கதவச் சாத்தணும்ங்கறது மட்டும் வழியில எங்க எறங்கிருச்சு, மொதலாளி?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலாளி, கூடாரத்திலிருந்து வெளியே வந்து நின்ற பெரியக்காவின் கணவன் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி வேலை உனக்குத்தான்னு சொல்லியிருக்கேன். இந்த மருந்தால ஒண்ணும் ஆகாதுன்னு உன் பொண்டாட்டிக்குச் சொல்லு."

ஒழுகும் வாடகை அறையை விட்டு வெளியேற பெரியக்காவுக்கும் கணவனுக்கும் இருந்த ஒரே வழி அந்த மேஸ்திரி வேலை. அவனைப் பார்த்தால் தன் கண் அவனைத் தன் பக்கம் இழுத்துவிடும் என்று அவள் தரையையே பார்த்தாள். அவன் முடிவு அவனுடையதாக இருக்கட்டும்.

அவன் முகத்தில் கட்டியிருந்த ஈரத்துண்டை அவிழ்த்தான். கண்கள் சிவந்திருந்தன.

"வாங்க மொதலாளி. நாம ரெண்டு பேரும் உள்ள போய் ஒரு வரிசை வெட்டுவோம். அப்புறம் சொல்றேன்."

முதலாளி கதவைப் பார்த்தார். காலை எடுத்து வைக்கவில்லை.

"ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ல ஆளா இல்ல? மத்தியானத்துக்குள்ள வேன்ல கொண்டாந்து எறக்கறேன். உங்க ஒருத்தருக்கும் இனி இங்க வேலை கெடையாது." போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் கலங்கியது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, இன்று ஒருநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டிவிடலாமா என்று அழுதாள். வேனை வாசலிலேயே மறிக்க வேண்டும் என்றாள் இன்னொருத்தி.

"மறிச்சா சண்டைதான் வரும்" என்றாள் பெரியக்கா. "அவங்களும் கத்தரிக்கோல் புடிக்கறவங்கதான், மூக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான். வேன் பாலத்தச் சுத்திட்டுப் போகணும். நாம ஆத்துல எறங்கி முன்னாடியே போய்ப் பேசிருவோம்."

"என்னன்னு பேசறது?"

"மருந்துக்காரர முன்னால விடுவோம்" என்று கணவனைக் காட்டினாள் பெரியக்கா. "அவர்மேல அடிக்கற வாடையே பாதி பேசிரும்."

அழுதவளும் சிரித்தாள். மர நிழலில் தூளியில் கிடந்த குழந்தையை அவள் எடுத்து வந்ததும் மருந்துக்காரன் வாங்கப் போனான். வாடை படும் என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டான். பெரியக்கா வாங்கிக்கொண்டாள்.

முழங்கால் தண்ணீரில் இறங்கினார்கள். தூரத்துப் பாலத்தில் காலி வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. பெண்கள் நடையை எட்டிப் போட்டார்கள். மறுகரையில் ஒரு பெண் துவைப்பதை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்தாள். பெரியக்கா கையை உயர்த்தினாள்.

அந்தப் பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தண்ணீரோரம் இறங்கி வந்தாள்.