தண்ணீர் விசில்

இத்தாலிக்காரன் அந்த எஞ்சினைக் கப்பலில் ஏற்றி மசாவா துறைமுகத்தில் இறக்கியது, பட்டாளத்தையும் பீரங்கியையும் மலைக்கு அனுப்பத்தான். அவன் போனான், இங்கிலீஷ்காரன் வந்தான். அவனும் போனான், அடிஸ் அபாபாவிலிருந்து பக்கத்து நாட்டுக்காரர்கள் வந்தார்கள். யார் வந்தாலும் முதல் வேலையாக எஞ்சினைத் தட்டிப் பார்த்தார்கள். ஊர்க்காரன் உயிரோடு இருக்கிறானா என்று ஒருத்தனும் தட்டிப் பார்க்கவில்லை. அந்த எஞ்சினில் கரி அள்ளிப் போட ஏறிய தெக்லே, டிரைவராகி மீசை நரைத்த பிறகும் இறங்கவில்லை.

சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடத்தில் ஹலிபா நிறுத்தம். தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் குடும்பங்களுக்காக இத்தாலிக்காரன் கட்டிப்போட்ட கல்வீடுகள், கிணறு என்ற பெயரில் ஒரு பள்ளம். ரயில் தண்ணீர் கொண்டுவந்தால்தான் அங்கே அடுப்பு எரியும். பட்டாளத்துக்கும் போராளிகளுக்கும் சண்டை வந்ததும் தண்ணீர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து தெக்லே வளைவு வந்ததும் விசில் ஊதுவார். பெண்கள் டின்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். எஞ்சின் தொட்டியின் குழாயைத் திறந்துவிடுவார். சட்டப்படி குற்றம்தான். எவன் சட்டம் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

"நம்ம எஞ்சின் தும்முனாக்கூட டின்னத் தூக்கிட்டு ஓடியாந்துடுதுங்க அண்ணே," என்று சிரிப்பான், கரி அள்ளும் இத்ரிஸ்.

அந்தக் கூட்டத்தில் தெக்லேயின் மகள் லெம்லெமும் இருந்தாள், முதுகில் கைக்குழந்தையோடு. கேங்மேனாக இருந்த அவள் புருஷனைச் சுமை தூக்க என்று பட்டாளம் கூட்டிப்போனது. திருப்பி அனுப்பவில்லை.

அந்த வருடம் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடத் தண்டவாளம்தான் தோது என்று பட்டாளம் முடிவு செய்தது. கடல் பக்கத்திலிருந்து பிடுங்கிப் பிடுங்கி ரயிலில் ஏற்றினார்கள். பிடுங்கப் பிடுங்க ரயில் மலைப் பக்கமாகப் பின்வாங்கியது. தான் ஓட்டிய பாதையைத் தன் எஞ்சினை வைத்தே அழிக்கிறார்கள் என்று தெக்லேக்கு வயிறு எரிந்தது. ஆனால் வயிற்றெரிச்சலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஹலிபாவைத் தாண்டிவிட்டால் லெம்லெமுக்குத் தண்ணீர் கிடையாது.

"ஐயா, ஹலிபாவுல என் பொண்ணு இருக்கா. வேகன்ல ஒரு ஓரமா உக்காந்து வந்துடுவா," என்று பட்டாளத்துக் கேப்டனிடம் கேட்டுப் பார்த்தார்.

"பொண்ணுக்கு எடம் குடுத்தா, நாளைக்கு பொண்ணோட ஊரே ஏறும். பெரியவரே, இங்க இரும்புக்கே எடமில்ல. அப்புறம் ஒண்ணு, பாதையப் பிடுங்குறோம்னு வெளியில வாய் தொறந்தா உன்னையும் சேத்துப் புதைச்சிடுவேன்."

ஹலிபாவில் கடைசியாகக் குழாயைத் திறந்தபோது பக்கத்தில் ஒரு சிப்பாய் நின்றிருந்தான். இத்ரிஸ் சமயம் பார்த்து நீராவியைத் திறந்துவிட்டான். அந்தச் சீற்றத்தில் சிப்பாய் காதைப் பொத்திக்கொண்டு விலகிப்போனான். தெக்லே மகளின் காதருகே குனிந்தார்.

"இனிமே வண்டி வராதும்மா. எல்லாரையும் கூட்டிட்டு நாளைக்கே கெளம்பி மேல வந்துடு. ரோட்டுப் பக்கம் போகாத, பூராவும் கண்ணிவெடி. தண்டவாளம் கெடந்த தடத்துலயே வா."

"ரயில்காரன் பொண்ணு நடந்து வரணுமா? நல்லா இருக்கு உங்க மரியாதை," என்று சிரிக்கப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "நீங்க போயிட்டீங்கன்னா?"

"ஒத்தை வரிசையா வாங்க. முன்னால உன் புருஷனோட செவப்புக் கொடியப் புடிச்சிக்க. கொடியப் பாத்ததும் நீதான்னு தெரிஞ்சிடும். கால்ல விழுந்தாவது வண்டிய நிறுத்தி வெப்பேன்."

பாதையில் கூட்டமாக நடந்தால் முன்னால் சிவப்புக் கொடி பிடிக்க வேண்டும் என்பது ரயில்வே விதி. கேங்மேன் வீட்டில் சோறு இல்லாவிட்டாலும் கொடி இருக்கும்.

அன்று சாயங்காலம் கேப்டன் கேட்டார், "யாருகிட்டயாவது சொன்னியா?"

"மரியம் மாதா மேல சத்தியமா இல்லீங்க," என்றார் தெக்லே. அவ்வளவு பெரிய பொய்யை அதுவரை அவர் சொன்னதில்லை.

மறுநாள் பாலத்தருகே பிடுங்கிக்கொண்டிருந்தபோது குன்றிலிருந்து போராளிகள் சுட்டார்கள். இரண்டு சிப்பாய்கள் செத்தார்கள். அதற்கடுத்த நாள் மீதிப் பேரெல்லாம் இலை அசைந்தாலும் துப்பாக்கியைத் தூக்கினார்கள். அப்போதுதான் கீழே, தண்டவாளம் இல்லாத தடத்தில், ஒரு வரிசை வளைந்து வருவது தெரிந்தது. முன்னால் சிவப்பாக ஏதோ ஆடியது.

"போராளிப் பசங்க கொடி புடிச்சிட்டு வர்றானுங்க!" என்று கத்தினான் ஒருவன். வேகன் மேலிருந்த இயந்திரத் துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பியது.

தெக்லே எஞ்சினிலிருந்து குதித்து ஓடிக் கேப்டனின் காலைக் கட்டிக்கொண்டார். "சுடாதீங்க! என் பொண்ணுங்க ஐயா! ஹலிபா பொம்பளைங்க! நான்தான் வரச் சொன்னேன்!"

"சத்தியம் பண்ணியே?"

"பொய்ச் சத்தியம்! என்னைக் கொல்லுங்க, அவங்கள விட்டுடுங்க!"

கேப்டன் தொலைநோக்கியில் பார்த்தார்; கானலில் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பயந்தவர். பயந்தவன் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவனே தேவலை.

"ஒத்தை வரிசையில எந்தப் பொம்பளைய்யா நடக்குறா? சரி, போய் ஊது. ரயில் வீட்டுப் பொம்பளைங்கன்னா விசில் தெரியுமில்ல? நின்னா பொம்பளைங்க. நிக்காம வந்தா சுடுவேன்."

தெக்லே எஞ்சினில் ஏறி விசில் கயிற்றை இழுத்தார். விட்டு விட்டு, குட்டை குட்டையாக. அபாயம், நில் என்று அர்த்தம். லெம்லெம் நடை பழகும் முன்பே அவர் மடியில் உட்கார்ந்து கேட்டுப் பழகிய சத்தம்.

கொடி நின்றது.

"நின்னுட்டா! பாருங்க ஐயா, நின்னுட்டா!" தெக்லே அழுதுகொண்டே சிரித்தார்.

கொடிக்குப் பின்னாலிருந்து ஒருத்தி பிரிந்தாள். இன்னொருத்தி. பிறகு மொத்த வரிசையும் உடைந்தது. ஹலிபாவை விட்டதிலிருந்து நாக்கு நனையாதவர்கள். அந்த விசிலுக்கு அவர்கள் அறிந்தது ஒரே அர்த்தம். டின்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடிவந்தார்கள். லெம்லெம் இரண்டு கையையும் விரித்து மறித்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். கொடியை வீசியபடி அவளும் அவர்கள் பின்னால் ஓடத் தொடங்கினாள்.

"வராதீங்க! நில்லுங்கடீ!" தெக்லேயின் குரல் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை.

இத்ரிஸ் பாய்ந்து தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டான். "பாருங்கடா! இதுக்குத்தான்டா ஓடியாறாங்க! தண்ணிக்குடா!"

அவன் சொன்னது துப்பாக்கிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கொடி விழுவதைத் தெக்லே பார்த்தார். கயிறு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

சுடுவது நின்ற பிறகும் குழாயிலிருந்து தண்ணீர் சரளைக்கல்லில் கொட்டிக்கொண்டே இருந்தது. பிடிக்க யாரும் வரவில்லை.