பங்களா சாவி

கிடத்தியிருந்த அப்பாவின் வேட்டியைச் சற்றே இறக்கி, அரைஞாண் கயிற்றை விரலால் தூக்கிப் பிடித்தாள் புனிதா. அதில்தான் பங்களா சாவி முடிந்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்தாள்.

"குளிப்பாட்டும்போது நான் அறுக்கறதுதான் மொறை. பொட்டப்புள்ள கை வெக்கலாமா?" என்றார் சித்தப்பா அப்பாதுரை.

"டீச்சர் மூணு தபா போன் பண்ணிட்டாங்க சித்தப்பா. பங்களா வாசல்ல நாப்பது பேரு வெயில்ல நின்னுக்கினு கீறாங்க."

கயிறு அறுந்து சாவி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களைச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எல்லாருக்கும் திறந்து காட்டுவதாக ஏற்பாடு. ஊர்க்கோடியில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாவும் பட்டியலில் இருந்தது. முப்பது வருடமாக அதற்கு வாட்ச்மேன் அவள் அப்பா சக்கரபாணி. இந்த நாளுக்காக ஒரு மாதம் பெருக்கித் துடைத்தார். வெள்ளைச் சட்டை ஒன்றும் தைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சட்டை மடிப்புக் கலையாமல் கொடியில் தொங்கியது.

அம்மா பாஞ்சாலி அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பிணத்தண்டை வரவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவுங்களுக்குத் தெறந்து உடப் போறியா? போ. நமக்குத்தான் தெறக்காத மகராசன்" என்றாள் மகளிடம்.

புனிதா எட்டாவது படிக்கையில் அடித்த புயலில் வீட்டு ஓடெல்லாம் பறந்துபோனது. பங்களாவைத் திறக்கச் சொல்லி அம்மா கெஞ்சினாள். "கவருமென்ட்டு பில்டிங்கு. வெளியாள உடக்கூடாது" என்றுவிட்டார் அப்பா. மூன்று பேரும் ஒரு தார்ப்பாய்க்குள் முடங்கி, பஸ் நிறுத்தத்தில் விடியும்வரை நனைந்தார்கள். 'வெளியாள்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அம்மா மறக்கவே இல்லை.

பங்களா வாசலில் லூர்துமேரி டீச்சர் ஓடிவந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் எடுப்பவர். "நீ ஏம்மா வந்த? சாவிய யார்கிட்டயாவது குடுத்தனுப்பக் கூடாதா?"

"கதவத் தூக்கிப் புடிச்சிக்கினுதான் திருப்பணும் டீச்சர். அப்பா சொல்வாரு."

பூட்டு திறந்தது. இருபத்தேழு வயதில் முதல்முறையாகப் புனிதா உள்ளே போனாள். வந்தவர்கள் செல்போனோடு பின்னால் நுழைந்தார்கள். கூடத்து மூலையில் ஒரு புதுப் பானை, மேலே தட்டு, பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள். விருந்தாளிகளுக்குத் தண்ணீர்கூட நிரப்பி வைத்துவிட்டுத்தான் மனிதர் போயிருந்தார்.

"அத்தனையும் தேக்கு உத்தரம்" என்று டீச்சர் அண்ணாந்து காட்டினார். "எந்தப் புயலுக்கும் ஒரு சொட்டு உள்ள வந்ததில்லையாம். சக்கரபாணி அண்ணன் பெருமையா சொல்லுவாரு."

எல்லாரும் கூரையைப் படம் பிடித்தார்கள். புனிதா சுவர்களைப் பார்த்தாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு ஈரக்கறை இல்லை. முப்பது பேர் கால் நீட்டிப் படுக்கலாம். செத்துக் கிடக்கும் மனிதர்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. சாவியை டீச்சர் கையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில் பெஞ்சு போட்டு அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். எண்ணெய், சீயக்காய், குடத்தில் தண்ணீர், எல்லாம் தயார். பாஞ்சாலி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அண்ணி, ஒங்க கையால ஒரு சொம்பு ஊத்துங்க. அப்பறம்தான் மத்தவங்க" என்று அப்பாதுரை இரண்டாம் தடவை கூப்பிட்டார்.

பாஞ்சாலி மகளைப் பார்த்தாள். "உள்ள எப்டி கீது?"

புனிதா சொம்பை எடுத்தாள். "அங்கயும் மழை பூந்துக்குதும்மா. செவுரெல்லாம் கறை. மேல ஒரு எடத்துல வானமே தெரியுது. அன்னிக்கிப் போயிருந்தாலும் நனைஞ்சிதான் இருப்போம்."

அந்தக் கூரைக்கு அடியில் ஏணி போட்டு வெள்ளையடித்தவர் அப்பாதுரை. என்னவோ சொல்ல வந்தவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா."

பாஞ்சாலி சுவரைப் பிடித்து எழுந்தாள். "இத வாயத் தொறந்து சொல்றதுக்கு இந்த மனுசனுக்கு என்னா கேடு?" என்றாள். குரல் உடைந்தது.

சொம்பை வாங்கித் தலையில் ஊற்றினாள். தண்ணீர் மார்பில் இறங்கி இடுப்பை நனைத்தது. முப்பது வருடம் சாவி அழுந்திய இடத்தில் கன்றிப்போய் ஒரு கறுப்புத் தழும்பு. பாஞ்சாலி கொஞ்சம் சீயக்காயை எடுத்து, அந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்க்க ஆரம்பித்தாள்.