சன்னலுக்கு வெளியே ஒரு ஜட்ஜ்

மூன்று வாரமாக மெர்சி அடுப்படியில்தான் வாதாடினாள். ஜட்ஜ், அவள் புருஷன் ரூபன். போத்தனூர் ரயில்வே யார்டில் டூட்டி முடிந்து வந்ததும் அரிசி டிரம் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

"கனம் நீதிபதி அவர்களே! தொண்டாமுத்தூரில் என் கட்சிக்காரரின் தென்னந்தோப்பை யானை அழித்துவிட்டது. வனத்துறைதான் நஷ்டஈடு தரவேண்டும்."

"பின்னே, யானைகிட்டயா கேக்க முடியும்? தீர்ப்பு உனக்குத்தான் அம்மணி. காப்பி போடு."

"ஏனுங்க, ஜட்ஜுன்னா குறுக்குக் கேள்வி கேக்கோணுமுங்க."

"பொண்டாட்டிகிட்ட குறுக்குக் கேள்வி கேட்டவன் எவன் நிம்மதியாச் சோறு தின்னிருக்கான்?"

அவள் படித்த சட்டக் கல்லூரியில் அந்த வருஷம்தான் மாதிரி நீதிமன்றத்தைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். தேறாவிட்டால் கறுப்பு அங்கி ஒரு வருஷம் தள்ளிப்போகும். ரூபனோ 'மெர்சி ரூபன், வழக்கறிஞர்' என்று போர்டு எழுதவே கொடுத்துவிட்டான்.

தேர்வு அன்றைக்கு லீவு போட்டுக் கல்லூரிக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். மேடையில் ஓய்வு பெற்ற ஜட்ஜ் நரசிம்மலு. அவருடைய தடித்த கண்ணாடியைப் பார்த்ததுமே மெர்சிக்கு வாதத்தின் முதல் வரி மறந்துபோனது. திரும்பி ரூபனைத் தேடினாள். அவன் முகம் தெரிந்ததுதான் தாமதம், வாதம் மடை திறந்தது. சட்டப்பிரிவு, முன்தீர்ப்பு எல்லாம் வரிசையாக வந்தன.

"ஏனுங்க அம்மணி, ஜட்ஜ் இந்தப் பக்கம் இருக்கறேனுங்க!" என்றார் நரசிம்மலு. "இத்தனை நேரம் உங்க முதுகுதான் எங்கிட்ட வாதாடுச்சு. இன்னொருக்கா திரும்பினா மார்க் கிடையாது."

ஹால் சிரித்தது. மெர்சி மேடையைப் பார்த்து நின்றாள். பின்னால் பெஞ்சு நகரும் சத்தம். ரூபன்தான் எழுந்து போகிறான் போல. தன்னால் அவனுக்குத் தலைகுனிவாகிவிட்டதோ? அவளுக்குக் கண் நிறைந்தது.

அப்போது ஜட்ஜின் தலைக்குப் பின்னால், திறந்திருந்த மரச் சன்னலுக்கு வெளியே ஒரு முகம் எட்டிப் பார்த்தது. ரூபன்! அரிசி டிரம் மேல் உட்காரும் அதே தோரணையில் தலையை ஆட்டினான்.

"கனம் நீதிபதி அவர்களே..." மெர்சி ஆரம்பித்தாள்.

நரசிம்மலு விடவில்லை. யானை வரும் என்று தெரிந்தும் உங்கள் கட்சிக்காரர் ஏன் வேலி போடவில்லை? வனத்துறையின் தப்பு என்ன? ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணைப் பார்த்தே பதில் சொன்னாள். ஒரு கேள்விக்குத் தடுமாறி, தானே சமாளித்துக்கொண்டாள்.

"போதுமுங்க," என்று பேனாவை மூடினார் அவர். "தேறிட்டீங்க."

மெர்சி ஆசையாக நிமிர்ந்தாள். சன்னல் சாத்தியிருந்தது.

ரூபன் வெளியே மரத்தடியில் தலை நனைந்து நின்றான். முந்தானையால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்: "தேறிட்டேனுங்க! ஏனுங்க, பாதியில எங்க போனீங்க?"

"எங்க போறது? நீ வாயைத் திறந்ததுமே சாரல் அடிக்குதுன்னு அட்டெண்டர் சாத்திப்போட்டாரு. அப்ப இத்தனை நேரமும் யாரைப் பாத்துப் பேசுனே கண்ணு?"

அவள் துவட்டுவதை நிறுத்தினாள். "ஜட்ஜைத்தானுங்க."

"போச்சு! என்ற ஜட்ஜ் உத்தியோகம் போயிருச்சு."

"அதெப்படிப் போகும்?" ஈரத் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். "அப்பீலெல்லாம் நம்ம அடுப்படிக்குத்தானுங்க வரும்."